கல்லூரி லேபுகளுக்கு லேயர் முறையில் விடிஐ: எதை எந்த லேயரில் வைப்பது

செமஸ்டர் தொடங்கும் முன் ஒவ்வொரு துறையிலிருந்தும் எனக்கு ஒரு சாஃப்ட்வேர் பட்டியல் வரும். மெக்கானிக்கலுக்கு சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ். சிவிலுக்கு ஆட்டோகேட், ஸ்டாட் ப்ரோ. இசிஇக்கு மேட்லேப், மல்டிசிம், விவாடோ. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஜாவா, அனகோண்டா, ஆரக்கிள். முதலாமாண்டு சி லேபுக்கு டர்போ சி-யே வேண்டும் என்று கேட்கும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். டாஸ்பாக்ஸில் வைத்துக் கொடுக்கிறோம். இத்தனையும் ஒரே சர்வர் அறையிலிருந்து ஓட வேண்டும். இதற்குத்தான் விடிஐ: டெஸ்க்டாப்கள் சர்வரில் விர்ச்சுவல் மெஷின்களாக ஓடும், லேபில் அவற்றின் திரை மட்டும் தெரியும். எந்த லேபில் எந்த மாணவர் உட்கார்ந்தாலும் அவருக்குரிய சாஃப்ட்வேர் திரையில் இருக்க வேண்டும். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இந்த வேலையைப் பார்க்கிறேன். என்னைப் போல் கல்லூரிகளில் சிஸ்டம் அட்மினாக இருக்கும் தோழர்களுக்காக, விண்டோஸையும் சாஃப்ட்வேர்களையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்துவைக்கும் லேயர் முறையை எப்படித் திட்டமிடுவது, எப்படி நடத்துவது என்று எழுதுகிறேன். ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சாஃப்ட்வேர்), ஆக்டிவ் டைரக்டரி (சுருக்கமாக ஏடி; பயனர் கணக்குகளையும் குரூப்களையும் வைத்திருப்பது), தின் கிளையன்ட் (சர்வரில் ஓடும் டெஸ்க்டாப்பைக் காட்டும் சிறு கருவி) இவற்றோடு ஏற்கெனவே பழக்கமுள்ளவர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன்.

நான் பயன்படுத்துவது சிட்ரிக்ஸ் ஆப் லேயரிங். 2017 ஜனவரியில் யூனிடெஸ்க் நிறுவனத்தை வாங்கித்தான் சிட்ரிக்ஸ் இதைத் தன்னுடையதாக்கியது. விஎம்வேர் பக்கம் இதே தேவைக்கு ஆப் வால்யூம்ஸ் இருக்கிறது. 2014-ல் அவர்கள் வாங்கிய கிளவுட்வால்யூம்ஸ்தான் அதன் மூலம். இப்போது அது ஆம்னிசா என்ற தனி நிறுவனத்திடம் இருக்கிறது. கன்சோலில் பெயர்கள் மாறுமே ஒழிய, கீழே சொல்லும் பிரிப்பு முறை பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

லேயர் எதற்கு என்று மேலாண்மை கேட்டால் ஒரு கணக்கைக் காட்டுங்கள். பழைய முறையில் லேபுக்கு ஒரு கோல்டன் இமேஜ், அதாவது அந்த லேபின் எல்லா மெஷினுக்கும் மூலமான வட்டு. ஆறு லேப் என்றால் ஆறு இமேஜ். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடும்போது ஆறையும் தனித்தனியே திறந்து, அப்டேட் செய்து, ஒவ்வொன்றிலும் எல்லா சாஃப்ட்வேரும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். லேயர் முறையில் விண்டோஸ் ஒரே இடத்தில் இருக்கும், பேட்ச் ஒருமுறைதான். மேட்லேப் ஒரே இடத்தில் இருக்கும், இசிஇயும் மெக்கானிக்கலும் அதையே பகிரும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிச் சிக்கல்களுக்கு நீங்களே விடை காண்பீர்கள். முன்பு வகுப்பறையில் ஓஎச்பி ஷீட்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் படம் காட்டுவார்களே, அப்படித்தான். ஒவ்வொரு லேயரும் ஒரு தனி வட்டுக் கோப்பு. அதில் அந்த சாஃப்ட்வேர் சேர்த்த ஃபைல்களும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) மாற்றங்களும் மட்டும் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து விண்டோஸுக்கு ஒரே சி டிரைவாக, ஒரே ரெஜிஸ்ட்ரியாகக் காட்டுகிறார்கள். இரண்டு லேயரில் ஒரே ஃபைலோ ஒரே ரெஜிஸ்ட்ரி மதிப்போ இருந்தால் மேலே இருப்பதுதான் தெரியும். வரிசை இப்படி: அடியில் ஓஎஸ் லேயர். அதன் மேல் ஆப் லேயர்கள், உருவாக்கிய வரிசையில், பழையது கீழே, புதியது மேலே. இமேஜின் உச்சியில் பிளாட்ஃபார்ம் லேயர். ஜாவா 8-ஐக் கேட்கும் பழைய சாஃப்ட்வேரும் ஜாவா 17-ஐக் கேட்கும் புதியதும் தனித்தனி லேயரில் இருந்து, ஜாவா எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜாவா ஹோம் மாறியை இரண்டும் எழுதினால், பிறகு உருவாக்கிய லேயரின் மதிப்பே நிற்கும். "என் லேபில் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது மேடம்" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இந்த வரிசையைத்தான்.

இனி பிரிப்பு. சாஃப்ட்வேரின் அளவையோ பெயரையோ வைத்து லேயர் பிரிக்காதீர்கள். இது எவ்வளவு அடிக்கடி மாறும், மாற்றச் சொல்வது யார் என்ற இரண்டு கேள்விகளை வைத்துப் பிரியுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் எதிரே இந்த இரண்டையும் எழுதுங்கள். விண்டோஸ்: மாதாமாதம், மைக்ரோசாஃப்ட். குரோம்: சில வாரங்களுக்கு ஒருமுறை, பாதுகாப்புக்காக நானே. மேட்லேப்: ஆண்டுக்கு ஒருமுறை, இசிஇ துறைத் தலைவர். பைத்தான், கிட், விஎஸ் கோட்: செமஸ்டருக்கு ஒருமுறை, சிஎஸ்இ ஆசிரியர்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறவற்றை ஒரே லேயரில் சேர்க்கலாம். பைத்தானும் கிட்டும் விஎஸ் கோடும் எங்களிடம் ஒரே லேயர். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில்தான் மாற்றச் சொல்வார். குரோமை அதோடு சேர்த்தால், ஒவ்வொரு குரோம் அப்டேட்டுக்கும் பைத்தான் லேயரைத் திறந்து மறுபடி சோதிக்க வேண்டிவரும். ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு லேயர் என்று நறுக்கவும் வேண்டாம். லேயர் கூடக்கூட இமேஜ் தயாராகும் நேரம் கூடும், லாகின் நேரத்தில் இணைப்பவை கூடினால் மாணவர் காத்திருக்கும் நேரமும் கூடும்.

ஓஎஸ் லேயர்

இதை அவசரமாகச் செய்யாதீர்கள். ஓர் ஆப் லேயர் எந்த ஓஎஸ் லேயரை வைத்து உருவானதோ, பொதுவாக அதோடு கட்டுப்பட்டது. ஓஎஸ் லேயருக்குப் புதிய வெர்ஷன் சேர்த்துக்கொண்டே போகலாம், ஆப் லேயர்கள் கூடவே வரும். வேறொரு ஓஎஸ் லேயரைப் புதிதாகத் தொடங்கினால் ஆப் லேயர்களையும் பெரும்பாலும் முதலிலிருந்து கட்ட வேண்டிவரும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது; இன்று தொடங்குகிறவர்கள் விண்டோஸ் 11 எஜுகேஷன் அல்லது என்டர்பிரைஸில் தொடங்குங்கள். இந்த எடிஷன்களின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 36 மாத ஆதரவு உண்டு. அதனால் ஆண்டுதோறும் வரும் பெரிய அப்டேட்டை உடனே துரத்த வேண்டியதில்லை, மே மாத விடுமுறைக்கு ஒத்திவைக்கலாம்.

ஓஎஸ் லேயரில் வைக்க வேண்டியவை: விண்டோஸ், அதன் பேட்ச்கள், டாட் நெட்டின் எல்லா வெர்ஷன்களும், உங்கள் ஹைப்பர்வைசரின் டூல்ஸ், தேவையான மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்கள். டொமைனில் (ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் மெஷின் குழுவில்) சேர்க்கக் கூடாது. ஓஎஸ் லேயருக்குப் புது வெர்ஷன் போடும்போது மட்டும் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்துவிட்டு, முடிந்ததும் மூடுங்கள். லேப் மெஷின்களில் அது திறந்திருந்தால், ரீபூட்டில் எல்லாம் அழிந்துபோவதால், ஒவ்வொரு நாளும் எல்லா மெஷினும் அதே பேட்சை மறுபடி இறக்கிக்கொண்டிருக்கும். ஸ்டோர் ஆப்களின் தானியங்கி அப்டேட்டுக்கும் இதே விதி.

யாரும் எளிதில் கவனிக்காத ஒன்று லோக்கல் யூசர்கள், லோக்கல் குரூப்கள். ஆப் லேயரிலோ பிளாட்ஃபார்ம் லேயரிலோ இவற்றில் செய்யும் மாற்றத்தை ஆப் லேயரிங் பிடித்துவைக்காது. ஆரக்கிளை நிறுவினால் ஓஆர்ஏ-டிபிஏ என்ற லோக்கல் குரூப் உருவாகும். லேயரைக் கட்டும் தற்காலிக மெஷினான பேக்கேஜிங் மெஷினில் எல்லாம் சரியாக ஓடும். இமேஜாக வந்தபின் அந்த குரூப் இருக்காது, டேட்டாபேஸில் அட்மினாக நுழைய முடியாது. இப்படி யூசரோ குரூப்போ உருவாக்கும் சாஃப்ட்வேரை ஓஎஸ் லேயரில் வைக்க வேண்டும், அல்லது தேவையான குரூப்பை ஓஎஸ் லேயரில் முன்கூட்டியே உருவாக்க வேண்டும்.

ஆரக்கிளைப் பொறுத்தவரை நான் சொல்வது மூன்றாவது வழி: டேட்டாபேஸ் சர்வரை டெஸ்க்டாப்பில் வைக்கவே வேண்டாம். லேப் மெஷின் ரீபூட் ஆனதும் மாணவர் போட்ட டேபிள்கள் போய்விடும். ஒரு தனி விர்ச்சுவல் மெஷினில் ஆரக்கிளோ மைஎஸ்க்யூஎல்லோ வைத்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ஸ்கீமா (டேட்டாபேஸுக்குள் தனி இடம்) கொடுங்கள். டெஸ்க்டாப்பில் கிளையன்ட் மட்டும் ஓர் ஆப் லேயராக இருக்கட்டும். போன வாரம் போட்ட டேபிளில் இந்த வாரம் டிரிக்கர் எழுதலாம், டிபிஎம்எஸ் லேபுக்கு அதுதானே வேண்டும். மாணவர்கள் வேலை தொலையாமல் இருப்பது எந்தத் தொழில்நுட்ப நேர்த்தியையும் விட எனக்கு முக்கியம்.

விண்டோஸ் ஆக்டிவேஷனை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். கேஎம்எஸ் (கல்லூரிக்குள்ளேயே ஆக்டிவேஷன் கொடுக்கும் சர்வர்) என்றால் குறைந்தது 25 விண்டோஸ் கிளையன்ட்கள் வந்து கேட்ட பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும்; ஆஃபீஸுக்கு 5 போதும். ஒரே இமேஜிலிருந்து வந்த மெஷின்கள் ஒரே அடையாள எண்ணைக் காட்டினால் கேஎம்எஸ் அவற்றை ஒன்றாகத்தான் எண்ணும், ஆதலால் ரீஆர்ம் செய்வது (அந்த எண்ணைப் புதிதாக்குவது) அவசியம். ஆக்டிவ் டைரக்டரி வழி ஆக்டிவேஷன் வைத்தால் இந்த எண்ணிக்கைத் தொல்லையே இல்லை.

பிளாட்ஃபார்ம் லேயர்

இதில் வைப்பது உங்கள் விடிஐ அமைப்போடு ஒட்டியவை: சிட்ரிக்ஸ் விடிஏ (டெஸ்க்டாப்பைப் பயனரின் திரையோடு இணைக்கும் ஏஜென்ட்), பிவிஎஸ் (ஒரே வட்டிலிருந்து நெட்வொர்க் வழியே பல மெஷின்களை பூட் செய்யும் சிட்ரிக்ஸ் சர்வர்) என்றால் அதன் டார்கெட் டிவைஸ் சாஃப்ட்வேர், டொமைன் சேர்ப்பு, என்விடியா விஜிபியூ (பல மெஷின்கள் பகிரும் கிராஃபிக்ஸ் கார்டு) இருந்தால் அதன் டிரைவர். நாளை ஹைப்பர்வைசரையோ ப்ரோக்கரையோ (பயனரை ஒரு மெஷினோடு சேர்த்துவிடும் சாஃப்ட்வேர்) மாற்றினால் இந்த ஒரு லேயரைப் புதிதாகச் செய்தால் போதும் என்பதற்காகத்தான் இது தனியாக இருக்கிறது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி உரிமங்களைச் சந்தா முறைக்கு மாற்றிய பிறகு, ஹைப்பர்வைசர் மாற்றம் பல இடங்களில் மேசைக்கு வந்துவிட்டது. கணக்குத் துறையினரிடம் இந்த லேயரின் அருமையை விளக்கிச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். விஜிபியூ டிரைவரைப் போடும்போது ஹோஸ்டில் (விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வரில்) உள்ள விஜிபியூ மேலாளர் சாஃப்ட்வேரின் வெர்ஷனோடு அது பொருந்துகிறதா என்று என்விடியாவின் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஆப் லேயர் கட்டுவது

கன்சோலில் புதிய ஆப் லேயர் என்று கொடுத்து, ஓஎஸ் லேயரைத் தேர்ந்தெடுத்தால், ஹைப்பர்வைசர் கனெக்டர் ஒரு பேக்கேஜிங் மெஷினைத் தானே உருவாக்கிக் கொடுக்கும். கனெக்டரில் ஆஃப்லோட் காம்போசிட்டிங் என்ற தேர்வை இயக்கிவையுங்கள். லேயர்களை ஒட்டும் வேலை அப்ளையன்ஸுக்கு (லேயர்களைக் கட்டிச் சேமிக்கும் ஆப் லேயரிங் மெஷின்) வெளியே நடக்கும், நேரம் நன்றாகக் குறையும். சாஃப்ட்வேருக்கு ஜாவா முன்தேவை என்றால் ஜாவா லேயரை முன்தேவை லேயராகக் குறியுங்கள். மெஷினில் ஜாவா தெரியும், புதிய லேயருக்குள் அது பதியாது.

மெஷின் வந்ததும் நிறுவுங்கள், ஒருமுறையாவது திறந்து பாருங்கள். முதல் ஓட்டத்தில் கேட்கும் உரிம ஒப்பந்தம், வரவேற்புத் திரை, "அப்டேட் இருக்கிறது" அறிவிப்பு எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிடுங்கள். தானே அப்டேட் செய்துகொள்ளும் சர்வீஸ்களையும் ஷெட்யூல்டு டாஸ்க்குகளையும் நிறுத்துங்கள். ரீபூட் கேட்டால் ரீபூட் செய்யுங்கள். டாட் நெட் நிரல்களின் பின்னணித் தொகுப்பு வேலை முடியட்டும். பிறகு டெஸ்க்டாப்பில் இருக்கும் "ஷட்டவுன் ஃபார் ஃபைனலைஸ்" ஐகானைச் சொடுக்குங்கள். வேலை பாக்கியிருந்தால் அது அணைய மறுத்துக் காரணம் சொல்லும். அந்தத் தடையைச் சுற்றிப்போக வழி தேடாதீர்கள். அரைகுறையாக மூடிய லேயர் இரண்டு மாதம் கழித்து ஒரு பரீட்சை நாளில் காலை வாரும். மெஷின் அணைந்தபின் கன்சோலில் ஃபைனலைஸ் கொடுங்கள்.

பேக்கேஜிங் மெஷின் டொமைனில் இருக்காது. டொமைன் கணக்கைக் கேட்கும் இன்ஸ்டாலர்களுக்கு முன்கூட்டியே மாற்று வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமம் பெரிய விஷயம். ஒரு மெஷினின் நெட்வொர்க் கார்டு எண்ணோடோ வட்டின் எண்ணோடோ கட்டப்பட்ட உரிமம் இந்த முறைக்கு ஆகாது. நாளும் புதிதாகப் பிறக்கும் மெஷினில் அது செல்லாது. கொள்முதலின்போதே நெட்வொர்க் லைசென்ஸ் என்று எழுத்தில் கேளுங்கள். மேட்லேப், ஆன்சிஸ் போன்றவை ஃப்ளெக்ஸ் எல்எம் வகை லைசென்ஸ் சர்வரைத் தேடும். அந்த சர்வருக்கு ஐபியை எழுதாமல் டிஎன்எஸ்-ல் ஒரு பெயர் வைத்து, லேயருக்குள் அந்தப் பெயரையே எழுதுங்கள். லைசென்ஸ் சர்வரை இடம் மாற்றும் நாளில் ஒரு லேயரையும் தொட வேண்டியிருக்காது.

ஆன்டிவைரஸ் ஏஜென்ட் தனி லேயர். மூடுவதற்கு முன் ஏஜென்டின் தனி அடையாள எண்ணை அழியுங்கள். தவறினால் எல்லா லேப் மெஷினும் நிர்வாகக் கன்சோலில் ஒரே மெஷினாகத் தெரியும். அழிக்கும் முறையை அந்தந்தத் தயாரிப்பாளரின் விடிஐ வழிகாட்டியில் எழுதியிருப்பார்கள். விண்டோஸ் டிஃபெண்டர் என்றால், வைரஸ் வரையறைகளை ஒரு பொது ஷேரிலிருந்து எடுத்துக்கொள்ளும் விடிஐ வசதி இருக்கிறது, அதை இயக்குங்கள்.

லேயருக்குள் வரவே கூடாதவை என்று நான் கருதுவன சில. மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, எஃப்பிஜிஏ போர்டு இவற்றோடு யுஎஸ்பி கேபிளில் பேசும் லேப்கள் அவற்றில் முதன்மையானவை. விவாடோவில் நிரல் எழுதி சிமுலேஷன் பார்ப்பது விடிஐயில் நன்றாகவே நடக்கும். போர்டில் இறக்கும்போது டிரைவரும், யுஎஸ்பி இணைப்பை விர்ச்சுவல் மெஷினுக்குத் திருப்புவதும் படுத்தும். அந்த லேபில் சில நிஜக் கம்ப்யூட்டர்களை விட்டுவையுங்கள். எல்லாவற்றையும் விடிஐக்குள் கொண்டுவந்தே தீருவேன் என்ற பிடிவாதத்தால் கஷ்டப்படுவது லேப் டெக்னீஷியனும் மாணவரும்தான்.

எலாஸ்டிக் லேயர்: யாருக்கு எது

ஆப் லேயரை இமேஜுக்குள் சேர்க்கலாம். இமேஜுக்கு வெளியே ஒரு எஸ்எம்பி ஷேரில் (ஃபைல் சர்வரில் பகிரப்பட்ட ஃபோல்டர்) வைத்து, மாணவர் லாகின் ஆகும்போது அவருடைய ஏடி குரூப்பைப் பார்த்து இணைக்கவும் செய்யலாம். இரண்டாவதுதான் எலாஸ்டிக் லேயர். ஒரே லேபை காலையில் சிவிலும் மதியம் சிஎஸ்இயும் பயன்படுத்தும் கல்லூரிக்கு இது பொருத்தமானது. மெஷினை மாற்ற வேண்டாம், உட்காரும் மாணவரைப் பொறுத்து ஆட்டோகேடோ விஎஸ் கோடோ வரும்.

ஆனால் எல்லாம் எலாஸ்டிக்காக ஓடாது. ஆஃபீஸ் இமேஜுக்குள்தான் இருக்க வேண்டும். பூட் ஆகும்போதே ஏற வேண்டிய டிரைவர் உள்ளவை, ஆன்டிவைரஸ் போன்றவை இமேஜுக்குள்தான். பொதுவாக நான் வைத்திருக்கும் முறை: எல்லோருக்கும் வேண்டியதும் பூட்டிலேயே வேண்டியதும் இமேஜில், ஒரு துறைக்கு மட்டும் வேண்டிய பெரிய சாஃப்ட்வேர் எலாஸ்டிக்கில். முதலில் ஒரு சோதனை மாணவர் கணக்குக்கு எலாஸ்டிக்காகக் கொடுத்துப் பாருங்கள். ஓடவில்லை என்றால் அதே லேயரை இமேஜில் சேருங்கள், புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

குரூப்களைப் பாடக் குறியீட்டு வாரியாக வைக்காதீர்கள். துறை, ஆண்டு என்று வையுங்கள். பாடக் குறியீடு ரெகுலேஷன் மாறும்போதெல்லாம் மாறும், துறை மாறாது. மாணவர்களை குரூப்பில் சேர்க்கும் வேலையைச் சேர்க்கைப் பட்டியலிலிருந்து பவர்ஷெல் ஸ்கிரிப்டால் செய்யுங்கள்.

இந்த ஷேர் விழுந்தால் எலாஸ்டிக் லேயர் எதுவும் வராது. அதனால் லேயர் கட்டும் அப்ளையன்ஸை விட இந்த ஃபைல் சர்வருக்குத்தான் அதிகப் பாதுகாப்புத் தேவை. அப்ளையன்ஸ் ஒரு நாள் நின்றுபோனாலும் வெளியிட்ட டெஸ்க்டாப்கள் ஓடிக்கொண்டிருக்கும், புதிதாகக் கட்டத்தான் முடியாது. பேக்கப் இரண்டுக்கும் எடுங்கள். ஃபெயில்ஓவருக்குப் பணம் ஒன்றுக்குத்தான் கிடைக்கும் என்றால் ஃபைல் சர்வருக்குக் கேளுங்கள்.

மாணவரின் சொந்தப் பொருள்

மெஷின் ரீபூட்டில் அழிந்து புதிதாக வரும் என்பதால், மாணவரின் செட்டிங்குகளும் ஃபைல்களும் வெளியே வாழ வேண்டும். ஆப் லேயரிங்கிலேயே யூசர் லேயர் உண்டு. பயனர் தானே நிறுவும் சாஃப்ட்வேர்கூட அதில் தங்கும். ஆசிரியர்களில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அதைக் கொடுக்கலாம். மாணவர்களுக்கு நான் கொடுப்பது எஃப்எஸ்லாஜிக்ஸ் புரொஃபைல் கன்டெய்னர். 2018-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய இதற்கு, மைக்ரோசாஃப்ட் 365-ன் ஏ3, ஏ5, மாணவர் பயன் உரிமங்கள் இருந்தால் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். ஒரு மாணவருக்கு விஎச்டிஎக்ஸ் என்ற ஒரு விர்ச்சுவல் வட்டுக் கோப்பு, லாகினில் இணையும், லாக்ஆஃபில் கழலும். அதிகபட்ச அளவு தானாக 30 ஜிபி என்று இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் வளரும் என்றாலும் வட்டுக் கணக்கில் இதை மறக்காதீர்கள். 2210 வெர்ஷனிலிருந்து லாக்ஆஃபின்போது வெற்றிடத்தைச் சுருக்கும் வசதி வந்திருக்கிறது. அதற்கு முந்தைய வெர்ஷன் வைத்திருந்தால் மேம்படுத்துங்கள்.

மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். முதலாவது, கன்டெய்னர் இணையாவிட்டால் மாணவரை உள்ளே விடாதே என்ற செட்டிங்கை இயக்குங்கள். தற்காலிகப் புரொஃபைலில் உள்ளே போய் இரண்டு மணி நேரம் வரைந்த டிராயிங் ரீபூட்டில் போனால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? இரண்டாவது, துண்டிக்கப்பட்ட செஷன்களுக்குக் காலக்கெடு வையுங்கள். ஒரு மாணவி சிஏடி லேபில் லாக்ஆஃப் செய்யாமல் திரையை மூடிவிட்டு, வேறு டெலிவரி குரூப்பில் (பயனர்களுக்கு ஒதுக்கும் மெஷின்களின் தொகுப்பு) உள்ள சி லேபுக்குப் போனால், அவளுடைய கன்டெய்னரை முதல் மெஷின் பிடித்துவைத்திருக்கும். இரண்டாவது இடத்தில் லாகின் ஆகாது. பீரியட் இடைவெளியைப் பார்த்துக் கெடுவைத் தீர்மானியுங்கள்; எங்களுக்குப் 10 நிமிடம் சரியாக இருக்கிறது. மூன்றாவது, ஃபைல் சர்வரின் ஆன்டிவைரஸில் இந்த விஎச்டிஎக்ஸ் கோப்புகளுக்கு விலக்குக் கொடுங்கள்.

அனகோண்டாவுக்கு ஒரு தனிச் சொல். மாணவர்கள் பிப் கொண்டு நிறுவும் பேக்கேஜ்கள் அவர்களுடைய புரொஃபைலுக்குள் போய் ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களாகக் குவியும். பாடத்திட்டத்துக்கு வேண்டிய நம்பை, பாண்டாஸ், சைகிட் லேர்ன் எல்லாவற்றையும் லேயரிலேயே ஒரு பொது என்விரான்மென்டாக வைத்துவிடுங்கள்.

காலை நேரப் பாரம்

முதல் பீரியடில் 60 பேர் ஒரே நிமிடத்தில் லாகின் செய்வார்கள். அலுவலகங்களில் ஆட்கள் முன்னும் பின்னுமாக வருவார்கள், கல்லூரியில் மணி அடித்ததும் எல்லோரும் வருவார்கள். எனவே சராசரியை வைத்துக் கணக்கிடாதீர்கள், இந்த ஒரு நிமிடத்தை வைத்துக் கணக்கிடுங்கள். மெஷின்களை முதல் பீரியடுக்கு அரை மணி முன்னதாகவே பூட் செய்து தயாராக வைக்கும்படி டெலிவரி குரூப்பில் நேரம் குறித்துவிடுங்கள். பிவிஎஸ் வைத்திருப்பவர்கள் அந்த சர்வருக்கு மெமரியைத் தாராளமாகக் கொடுங்கள். விடிஸ்கின் (மெஷின்கள் பூட் ஆகும் பொது வட்டு) அடிக்கடி படிக்கும் பகுதிகள் மெமரியிலிருந்தே போகும். ரைட் கேஷ் (ஓடும்போது மெஷின் எழுதுவதைத் தற்காலிகமாக வைக்கும் இடம்), மெமரியில் தொடங்கி நிரம்பினால் வட்டுக்கு வழியும் வகையில் இருக்கட்டும். மெமரியில் மட்டும் என்று வைத்தால், நிரம்பிய நொடியில் மெஷின் நின்றுவிடும். விவாடோவும் ஆன்சிஸும் தற்காலிக ஃபைல்களைக் கொட்டுபவை, அந்த லேப்களுக்கு வழியும் வட்டைப் பெரிதாக வையுங்கள். நிரல் எழுதும் லேபுக்கு 2 விசிபியூ, 6 ஜிபி மெமரி எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. ஹோஸ்டில் சிபியூவைப் பகிர்ந்து நீட்டலாம், மெமரியை நீட்டாதீர்கள்.

வெளியிடுவதும் திரும்புவதும்

இமேஜ் டெம்ப்ளேட் என்பது எந்த ஓஎஸ் லேயர் வெர்ஷன், எந்த ஆப் லேயர் வெர்ஷன்கள், எந்த பிளாட்ஃபார்ம் லேயர் என்ற பட்டியல்தான். அதை வெளியிட்டால் ஒரு புதிய விடிஸ்க் வரும். முந்தைய விடிஸ்கை அழிக்காதீர்கள். புதியதில் கோளாறு என்றால் மெஷின் தொகுப்பான டிவைஸ் கலெக்‌ஷனுக்குப் பழையதை ஒதுக்கி ரீபூட் செய்தால் பழைய நிலை வந்துவிடும். அதை ராத்திரியில் தனியாகச் செய்ய நேர்ந்தாலும் பதற்றமில்லாமல் செய்யலாம்.

வெர்ஷன் பெயரில் சாஃப்ட்வேர், ஆண்டு, மாதம் மூன்றும் இருக்கட்டும். விவரப் பெட்டியில் இன்ஸ்டாலர் எங்கே இருக்கிறது, லைசென்ஸ் சர்வர் பெயர் என்ன, எந்த சர்வீஸை நிறுத்தினோம் என்று எழுதுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும்போது வேலை பார்ப்பவர் படிக்க வேண்டியது அதைத்தான்.

சோதனைக்கென்று நான்கைந்து மெஷின்களைத் தனி கலெக்‌ஷனாக வைத்திருங்கள். மாதப் பேட்ச் வந்ததும் ஓஎஸ் லேயரின் புது வெர்ஷனைச் செய்து, முதலில் இந்த மெஷின்களுக்கு மட்டும் கொடுங்கள். லேப் டெக்னீஷியன் ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் ஒரு உண்மையான பயிற்சியைச் செய்து பார்க்கட்டும்: சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகம் வரைந்து சேமிக்க, மேட்லேபில் டூல்பாக்ஸோடு ஒரு படம் போட, ஆட்டோகேடிலிருந்து பிரின்ட் எடுக்க. திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, லைசென்ஸ் கோளாறும் பிரின்டர் கோளாறும் வேலை செய்யும்போதுதான் தெரியும்.

பழைய வெர்ஷன்கள் அப்ளையன்ஸின் வட்டை நிரப்பும். லேயர் களஞ்சியத்துக்கு 300 ஜிபியாவது வைத்துத் தொடங்குங்கள். மேட்லேபும் விவாடோவும் இருக்கும் இடத்தில் 500 ஜிபிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஒரு டெம்ப்ளேட்டில் பயன்பாட்டில் உள்ள வெர்ஷனை அழிக்க விடாது. அதனால் முதலில் டெம்ப்ளேட்களை ஒழுங்கு செய்து, பிறகு வெர்ஷன்களை அழியுங்கள்.

செய்முறைத் தேர்வுக் காலத்துக்குத் தனி விதி. அட்டவணை வந்ததும், முதல் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பாக எல்லா லேயர்களிலும் மாற்றங்களை நிறுத்திவையுங்கள். அதன்பின் எந்த ஆசிரியர் கேட்டாலும் மாற்றம் கிடையாது என்று துறைத் தலைவர்கள் வழியாக எழுத்தில் அனுப்புங்கள். அவசரப் பாதுகாப்புப் பேட்ச் வந்தால் மட்டும், தேர்வில்லாத ஒரு லேபில் முதலில் போட்டுப் பார்த்த பிறகு. முந்தின நாள் மாலை லைசென்ஸ் சர்வர்களில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். பிடித்துவைத்துவிட்டு விடாத செஷன்கள் இருந்தால் விடுவியுங்கள். தேர்வு மாணவர்களுக்கென்று தனிக் கணக்குகள் கொடுத்தால் அவற்றை ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். முதல் லாகினில் கன்டெய்னர் உருவாகும் நேரம் வெளித்தேர்வாளர் முன்னிலையில் கழியக் கூடாது.

முடிவுகள் வந்தபின் இறுதியாண்டு மாணவர்களின் கன்டெய்னர்களை நீக்கும் வேலை இருக்கிறது. ப்ராஜெக்ட் ஃபைல்களை எடுத்துக்கொள்ள ஒரு மாதம் அவகாசம் கொடுத்து வகுப்பு ஆலோசகர்கள் வழியே சொல்லியனுப்புங்கள். அவகாசம் முடிந்ததும் அவர்களை ஏடி குரூப்பிலிருந்து எடுத்து, கன்டெய்னர்களை ஒரு பழைய சேமிப்புக்கு நகர்த்தி, அடுத்த செமஸ்டர் முடியும்வரை வைத்திருந்து பிறகு அழியுங்கள். அரியர் எழுத வரும் மாணவர்கள் அந்த ஃபைல்களைக் கேட்டு வருவார்கள்.